வேர்க்கிற சுவர்

இல்ல, அந்த நாற்காலி வேண்டாம் ஸ்மிதா. அது மத்தியானத்துல இருந்து வெயில்ல கிடக்கு, முதுகு வைக்க முடியாது. இங்கன வாங்க, இந்த மூலைக்கு. நாலு மணிக்கு மேல இந்த ஹால்ல மனுஷன் உக்காரக்கூடிய இடம் இது ஒண்ணுதான். அவங்க ரெண்டு பேரும் வர நேரமாகும். கீழ பார்க்கிங் அடுக்கு மெஷின்லா, ஒரு கார் இறங்கணும்னா மேல உள்ளது எல்லாம் நகரணும். உங்க நகுல் அதை ஓட்டிப் பாக்காம வரமாட்டாரு, எங்க வீட்டுக்காரர் சாஜனும் காட்டாம விடமாட்டாரு. ஆம்பிளைங்களுக்கு பட்டன் அமுக்கினா ஏதாவது ஏறி இறங்கணும். வீட்டைப் பத்தி அதுக்கு மேல என்ன தெரியணும்.

ஏழாவது மாசமா. மொதப் பிள்ளையா. சரி சரி, காலைத் தூக்கி இந்த ஸ்டூல்ல வைங்க. என் முன்னால என்ன கூச்சம்.

ஏ.சி. போடணுமா? ஓடிட்டுத்தான் இருக்கு. சத்தம் கேக்குல்லா. இருபதுல வச்சிருக்கேன், நம்பலன்னா ரிமோட்டைப் பாருங்க. அக்டோபர் மாசம் செம்பூர்ல, மேற்குப் பாத்த கண்ணாடிக்குப் பின்னால, இருபதுன்னா இதுதான் இருபது. பேக்கரில கண்ணாடிப் பெட்டிக்குள்ள பல்பு போட்டு பஃப்ஸைச் சூடா வச்சிருப்பான் பாத்தீங்களா, அந்த பஃப்ஸ் நாமதான்.

சிரிக்கீங்க. சிரிங்க. நான் சிரிச்சு முடிச்சு ரொம்ப நாளாச்சு.

விக்கிறவ இப்படிப் பேசுவாளான்னு யோசிக்கீங்க, முகத்துல தெரியுது. பாருங்க, எனக்கு இந்த வீடு போகணும். நீங்க இன்னைக்கு சரின்னு சொன்னா இன்னைக்கே சாவியைத் தந்துட்டு ஒரு பையோட இறங்கிருவேன். பாண்டுப்ல ஒரு பழைய பில்டிங்கைப் பாத்து வச்சிருக்கோம். ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, படிக்கட்டுல பூனை நாத்தம். இது வித்தாத்தான் அது. அந்த வீட்டுக்காரம்மா தீபாவளி வரைக்கும் பொறுக்கேன், அதுக்கு மேல வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு சொல்லிட்டாங்க. அப்படி இருக்கும்போது உங்களை விரட்டணும்னு எனக்கு என்ன வேண்டுதலா. ஆனாலும் வாயைத் திறந்தா இந்த வீட்டைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை வரமாட்டேங்கு. சாஜன் காலையில பல்லு விளக்கும்போதே ஆரம்பிச்சாரு. சிரிச்ச முகமா இரு, டீ குடு, ஸ்டேஷன் பக்கம்னு சொல்லுன்னு. பக்கம்தான். திலக் நகர் ஸ்டேஷனுக்கு நடந்தே போயிரலாம். போதுமா, சொல்லிட்டேன்.

என்னத்துக்கு லிஃப்ட் இல்லாத வீட்டுக்குப் போறோம்னா, அந்த வீட்டுல ஒவ்வொரு சன்னலுக்கு மேலயும் வெயில் மறைக்க ரெண்டடி சஜ்ஜா, காங்கிரீட் பலகை, நீட்டிட்டு இருக்கு. மே மாசம் மத்தியானம் போய்ச் சுவர்ல கையை வச்சுப் பாத்தேன். வீட்டுக்காரம்மா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. எல்லாரும் குழாயைத் திறந்து பாப்பாங்க, இவ என்ன சுவரைத் தடவுதாளேன்னு. சுட்டுச்சு, ஆனா கையை எடுக்கத் தோணல. இந்தப் பக்கம் சன்னலைத் திறந்தா அந்தப் பக்கம் சன்னல் வழியா காத்து போயிட்டே இருக்கு. அவ்வளவுதான் ஸ்மிதா, ஒரு வீடு செய்ய வேண்டிய வேலை. வெயிலை வாசல்லயே நிறுத்தணும், காத்தை விடணும், மழையில நனைஞ்சா காயணும். இதுக்கு லண்டன் போய்ப் படிச்சுட்டு வரணுமா.

இந்தா, இதைப் பாருங்க. புக் பண்ணும்போது பில்டர் ஆபீஸ்ல தந்த புஸ்தகம். எவ்வளவு வழவழன்னு இருக்கு. எனர்ஜி எஃபிஷியன்ட் என்வலப்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கா. வெளிச்சுவர், சன்னல், கண்ணாடி, கூரை, வீட்டைச் சுத்தி என்னென்ன மூடியிருக்கோ எல்லாத்துக்கும் சேத்து அதுதான் பேராம். படத்துல சிவப்பு அம்பு வெளிய இருந்து வருது, கண்ணாடில பட்டுத் திரும்பிப் போயிருது. நீல அம்பு உள்ள சுத்திட்டு இருக்கு. சோபாவுல ஒருத்தி ஸ்வெட்டர் போட்டுட்டு காபி குடிக்கா. பம்பாய்ல. ஸ்வெட்டர். 

அந்த சிவப்பு அம்பு ஏன் திரும்பிப் போகலன்னா, மொதல்ல ப்ளான் வரைஞ்சவன் இந்தக் கண்ணாடிக்கு வெளிய நாலடிக்கு பால்கனி வரைஞ்சிருந்தான். வேலை தெரிஞ்ச ஆளு. மேல்வீட்டு பால்கனி நமக்கு நிழல், நம்ம பால்கனி கீழ்வீட்டுக்கு நிழல். சாயங்காலம் தாழ வர்ற வெயிலுக்கு ஓரத்துல மடக்குத் தட்டி கூட வச்சிருந்தான். பில்டர் அதை அப்படியே ஹாலுக்குள்ள இழுத்துட்டான். கேட்டா எல்லா கஸ்டமரும் அதைத்தானே கேக்காங்கன்னான். கேக்கத்தான் செய்தாங்க. பம்பாய்ல பால்கனிய உள்ள எடுக்காத வீட்டைக் காட்டுங்க பாப்போம், மாதுங்காவுல உங்க மாமியார் வீட்டையும் சேத்துத்தான். சாஜன் தாராவில பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல எட்டுப் பேரோட ஒருக்களிச்சுப் படுத்து வளந்த ஆளு. நாலடி கூடக் கிடைக்குன்னா வேண்டாம்பாரா. டேப்பை எடுத்துட்டு வந்து அளந்து அளந்து பாத்தாரு அந்த நாலடியை. குடையைப் பிரிச்சு பாயாக்கிப் படுத்த கதை. இந்த டவர்ல எல்லா வீட்டுலயும் அந்தப் பாய்தான் விரிச்சிருக்கு.

சன்னலைத் திறக்கட்டுமா? திறந்தாச்சு. அவ்வளவுதான் திறக்கும். ஒரு உள்ளங்கை போகும். பதினெட்டாவது மாடி, பிள்ளைங்க விழுந்துரக் கூடாதுல்லா. எதிர்ப்பக்கம் சன்னலே கிடையாது. உள்ள வர்ற காத்து வெளிய போக வாசக்கதவைத் திறந்து வைக்கணும், வச்சா காரிடார்ல கிடக்கிற பக்கத்து வீட்டு ஷூ அத்தனையும் நம்ம மூக்குல.

நகுல் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டிரலாம்னு சொன்னாரா. ஒட்டலாம். கொஞ்சம் குறையும். ஆனா வாசல்ல மறிக்க வேண்டிய ஆளை ஹால் வரைக்கும் விட்டுட்டு, அதுக்கப்புறம் போப்பா போப்பான்னு கெஞ்சுத மாதிரிதான் அது. திரைச்சீலையும் அப்படித்தான். வெளிய நிக்கணும் நிழல்.

நான் ஆர்கிடெக்ட்லாம் இல்ல, அட போங்க. கான்வென்ட்ல படிச்சேன், பி.காம். முடிச்சேன், தாதர்ல ஒரு ஆபீஸ்ல மூணு வருஷம் இருந்தேன், பிள்ளை உண்டானதும் விட்டுட்டேன். எங்க சிஸ்டருங்க டிராயிங் கிளாஸ்ல ஆப்பிளும் மாம்பழமும்தான் வரையச் சொல்லுவாங்க, சுவரு எப்படி மூச்சு விடும்னு சொல்லித் தரல. பிள்ளைக்கு நெஞ்சு இழுக்கும்போது மடியில போட்டுட்டு ஒரு கையில போனைப் பிடிச்சிருப்பேன். என்ன படிக்கிறது? ஏன் என் பிள்ளைக்கு மூச்சு வரலன்னுதான். அப்படியே படிச்சுப் படிச்சு சுவருக்கு வந்து சேர்ந்தேன்.

ஆமா, பொம்பளப் பிள்ளை. ஜெனி. வாற மாசம் ரெண்டு வயசு முடியுது. இங்க இல்ல, தாராவில எங்கம்மா வீட்டுல விட்டிருக்கு. இல்ல, விருந்தாடிட்டு வரப் போகல. அங்கதான் இருக்கா. நான் சாயங்காலம் பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வாறேன். அங்க எங்கம்மா, என் தம்பி சுபின், அவன் பொண்டாட்டி, எல்லாருக்கும் ஒரே ரூம். எனக்கு அங்க காலை நீட்ட இடம் கிடையாது. மேல பத்ரா, தகரக் கூரை, மத்தியானம் தோசைக்கல்லு மாதிரி காயும். அங்க சொர்க்கம்னு சொல்ல வரல. அப்படிச் சொல்லுதவங்களைப் பாத்தாலும் எனக்கு எரிச்சல்தான், ஒரு நாள் வந்து படுத்துப் பாக்கட்டும். பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஆனா அங்க போன நாள்ல இருந்து நெஞ்சு இழுக்கல. ஒரு தடவை கூட. மொதல்ல நான் கிளம்பும்போது என் காலைக் கட்டிட்டு அழுவா. இப்ப சுபின் பொண்டாட்டி இடுப்புல இருந்துட்டு டாட்டா காட்டுதா. அதான் தீபாவளிக்குள்ள விக்கணும்னு சொல்லுதேன். பிள்ளை என்னை மறக்கதுக்கு முன்னால.

பிள்ளையைப் பாத்த டாக்டர் பழைய ஆளு. மருந்து எழுதிக் குடுத்தாரு, மூச்சுக்கு உறிஞ்சுத பம்ப் குடுத்தாரு, கடைசியில பிள்ளை தூங்கற ரூம் எப்படிம்மா இருக்கும்னு கேட்டாரு. நான் பெருமையாச் சொன்னேன். புது பில்டிங் டாக்டர், ஃபுல் ஏ.சி., தூசியே கிடையாதுன்னு. அவரு பேனாவை மூடி வச்சாரு.

எழுந்துருக்கீங்களா. பிள்ளை ரூமைப் பாக்கணுமா. பாக்கத்தானே வந்துருக்கீங்க. வாங்க, மெதுவா. இங்க படி மாதிரி ஒரு திட்டு இருக்கு, கால் தட்டும்.

இதுதான். நல்ல ரூம்தானே பாத்தா. ஹாலை விடக் குளிர்ச்சியா இருக்குல்லா, இங்க கண்ணாடி சின்னது. மணமா இருக்கா? அது சாஜன் பிளக்ல செருகி வச்ச லேவண்டர் சென்ட்.  சவத்த எத்தனை தடவை பிடுங்கிப் போட்டாலும் திரும்ப வாங்கிட்டு வந்து செருகுதாரு.

பிள்ளை பிறக்கும்போது இந்த ரூமுக்கு கம்ஃபர்ட் பேக்கேஜ்னு ஒண்ணு செஞ்சோம். இன்டீரியர்காரன், லேப்டாப்பை விரிச்சு வச்சுட்டு கலர் கலரா காட்டினான். மேடம், குளிர்ச்சி வெளிய போகாது, கரண்ட் பில் பாதியாயிரும், குளிர் ஊர்ல எல்லாம் இப்படித்தான் கட்டுதாங்கன்னு. வெளிச்சுவருக்கு உள்பக்கமா ஃபோம் பலகை அடிச்சான். அதுக்கு மேல வால்பேப்பர். காகிதம் இல்ல, பிளாஸ்டிக். பிள்ளை கிறுக்கினா துடைச்சுக்கலாம், பாருங்கன்னு ஸ்கெட்ச் பேனாவால கிறுக்கி துடைச்சே காட்டினான். ஒட்டகச்சிவிங்கி படம். எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்தது.

குளிர் ஊர்ல அது சரியா இருக்கலாம். இங்க மழைக்காலத்துல வெளிய காத்தே தண்ணி. நீங்க ஃப்ரிஜ்ஜுல இருந்து டம்ளரை எடுத்து வச்சா வெளிப்பக்கம் வேர்க்குல்லா? டம்ளர் ஓட்டையா? இல்ல. அது மாதிரிதான். வெளிய உள்ள ஈரம் சுவருக்குள்ள மெல்ல மெல்ல ஊறி உள்ள வருது. உள்ள நாம ராவும் பகலும் ஏ.சி.ய ஓட்டி ஜில்லுன்னு வச்சிருக்கோம். வழியில பிளாஸ்டிக். அதுல வந்து முட்டி, அதுக்குப் பின்னால வேர்க்குது. வெளிய வரவும் முடியாது, காயவும் முடியாது. நாம முன்னால உக்காந்துட்டு ஆகா என்ன குளுகுளுன்னு பிள்ளைக்குப் போர்வை போத்துதோம்.

ஒரு நாள் பேப்பர் ஒரு மூலையில உப்பியிருந்தது. பிடிச்சு இழுத்தேன். வேண்டாம், நீங்க இருக்கிற நிலையில சொல்லக் கூடாது. சொல்லவா? பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூசணம். வெறும் கறை இல்ல ஸ்மிதா, ரோமம் மாதிரி, பூனைக்குட்டி முதுகு மாதிரி. கை பட்டதும் நசநசன்னு பிசுபிசுத்துச்சு. ஈரத்துணியை டப்பாவுல போட்டு மூடி மறந்துட்டா ஒரு வாடை வரும்ல, அது குப்புன்னு அடிச்சுது. முன்பக்கம் ஒட்டகச்சிவிங்கி சிரிச்சுட்டு இருக்கு. அதுக்கு ஒரு சாண் தள்ளித்தான் பிள்ளை தலைகாணி. ஒரு வருஷமா அதைத்தான் அவ இழுத்து இழுத்து விட்டிருக்கா. அன்னைக்கு என் கையை சோப்பு போட்டுக் கழுவினேன், ஃபினாயில் போட்டுக் கழுவினேன், இப்பவும் சில நேரம் சாப்பிட உக்காந்தா அந்த வாடை விரல்ல இருக்கிற மாதிரியே இருக்கும்.

பில்டர்கிட்ட போனா உங்க இன்டீரியர்னான். இன்டீரியர்காரன் பில்டரோட லீக்கேஜ்னான். பிறகு ஒருத்தன் கயத்துல தொங்கி வந்து வெளிச்சுவர் முழுக்க கெமிக்கல் பூசிட்டுப் போனான். எல்லாரும் ஓட்டையைத் தேடுதாங்க. ஓட்டையே இல்ல. அதைச் சொன்னா, பாபி, ஆப் டென்ஷன் மத் லோ, அண்ணி நீங்க டென்ஷன் ஆகாதீங்க, இது டெக்னிக்கல்னு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. சாஜனும் அவங்ககூடச் சேந்து சிரிச்சாரு. அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

இப்ப பேப்பர் இல்லயேன்னு பாக்கீங்க. ஆமா, விக்கணும்னு முடிவு பண்ணினதும் எல்லாத்தையும் பிச்சுப் போட்டாச்சு. ப்ளீச் ஊத்தினாரு, சுவருக்குப் பட்டி பூசினாரு, பெயின்ட் அடிச்சாரு. சன்னலைத் திறந்து போட்டு, மாசக் கணக்குல காய விட்டு, அந்தப் பலகையைப் பூரா எடுத்திருக்கணும். சொன்னேன். பலகையை எடுத்தா சுவரு அசிங்கமாத் தெரியும், வாங்குத பார்ட்டி எப்ப வேணும்னாலும் வரும்னுட்டாரு. ஈரத்தை உள்ள வச்சு மேல வெள்ளையடிச்சா அது சும்மா இருக்குமா. ஒரு வாரம் தாங்கல, திரும்பப் பூத்துட்டு.

எங்கயா? அந்த அலமாரிக்குப் பின்னால. ஐயோ தள்ளாதீங்க, கையை எடுங்க. அது தேக்கு, எங்க கல்யாணத்துல மாமனார் சீதனமாக் கேட்டு வாங்கினது. நான் முதுகைக் குடுத்து நெம்பிப் பாத்துட்டேன், அசையல. இந்தப் பக்கம் ஓரமா வந்து போன் டார்ச்சை இடுக்குல அடிங்க. மூக்கை மூடிக்கோங்க.

பாத்தாச்சா. போதும், வாங்க வெளிய. வாங்கன்னா. இங்கன உக்காந்து தண்ணியைக் குடிங்க. இல்ல, மெதுவா.

நான் இதைச் சொல்லுததா இல்ல, மாதா சத்தியமா. வாங்கறது யாரோ புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, பிறகு எல்லாம் உரிச்சு எடுத்துக்கட்டும்னு மனசைத் தேத்தி வச்சிருந்தேன். சாஜனும் அப்படித்தான் சொன்னாரு. நீங்க லிஃப்ட்ல இருந்து வயித்தைப் பிடிச்சுட்டு இறங்கினீங்க. அதுல இருந்து வெயிலைப் பத்தி, பால்கனியைப் பத்தி, வாய் ஓயாம குறை சொல்லிட்டே இருக்கேன். அதைக் கேட்டே வேண்டாம்னு எழுந்து போயிர மாட்டீங்களான்னு. நீங்க எதுக்கெடுத்தாலும் நகுல் ஃபிலிம் ஒட்டுவாரு, நகுல் ஏ.சி. மாத்துவாரு, நகுல் எல்லாத்தையும் செக் பண்ணியாச்சுன்னு சொல்லுதீங்க.

அழாதீங்க. உங்களுக்குக் கோவம் வரணும், வரட்டும். சாஜனை என்ன வேணும்னாலும் கேளுங்க, நான் குறுக்க வரமாட்டேன். இந்த வியாபாரம் போச்சு, பாண்டுப் வீடும் போச்சு, ராத்திரி இந்த வீட்டுல எனக்கு என்ன நடக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. ஆனாலும் பரவால்ல.

நகுல் விடமாட்டாரா. சட்டையைப் பிடிச்சு கேப்பாரா.

எப்படிச் சொல்ல. அந்த அலமாரி எதிர்ச்சுவர் ஓரமா இருந்தது. அதை சாஜன் ஒருத்தரால நகத்த முடியாது ஸ்மிதா. போன ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து கதவைத் திறக்கேன், ரெண்டு பேரும் அதைத் தூக்கிட்டு நிக்காங்க. இந்தப் பக்கம் சாஜன். அந்தப் பக்கம் உங்க நகுல், சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டுட்டு. என்னைப் பாத்ததும் சொன்னாரு, ஸ்மிதா சும்மாவே பயப்படுவா, அவளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம், அதுக்கு விலையைக் குறைச்சு நாங்க பேசி முடிச்சுட்டோம்னு.

பெல் அடிக்கு. கதவை நான் திறக்கட்டா, நீங்க திறக்கீங்களா?